முறுக்கை அளந்த மேதை கூலூம்

மின்னூட்டத்தின் அலகு கூலூம் என்று அறிவியல் பாடத்தில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்கிறோம். ஒரு மதிப்பெண் வினாவாக வந்தால் தயங்காமல் எழுதியும் விடுகிறோம். ஆனால் கூலூம் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அவர் மின்சாரத்தைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர், கோட்டை கட்டப் புறப்பட்டவர் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சென்ற ஆண்டு வரை நாங்களும் அறியவில்லை. வாழைக்குலை ஏற்றும் வண்டி ஒன்றுதான் அவரை எங்களுக்கு அறிமுகம் செய்து வைத்தது.

எங்கள் வீட்டில் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. அப்பா அதில் குலை ஏற்றித் தக்கலைச் சந்தைக்கும் நாகர்கோவிலுக்கும் கொண்டு செல்வார். நாளடைவில் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து போயிற்று. அதிலும் இடப்பக்கம் கூடுதலாக இறங்கி, வண்டி சாய்ந்து நின்றது. ஒரு பட்டறையில் அதை அரை மணி நேரத்தில் உயர்த்திக் கொடுத்தார்கள். வண்டி தலை நிமிர்ந்து நின்றதைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் அன்று முதல் சிறு குழியில் இறங்கினாலும் தூக்கித் தூக்கி அடித்தது. மட்டிக் குலைகள் அடிபட்டுக் கறுத்தன. வியாபாரி பாதி விலைதான் தந்தார். இரவில் விளக்கொளி எதிரே வருவோரின் கண்ணில் அடித்தது. இரண்டே மாதத்தில் முன் டயர்கள் ஒருபுறமாகத் தேய்ந்துவிட்டன. புது டயருக்குச் செலவான பணம் எங்கள் அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மா எடுத்து வைத்திருந்த பணம்.

பிறகு வேறோர் ஊரில், வயது முதிர்ந்த மெக்கானிக் மாமா ஒருவரிடம் அப்பா வண்டியைக் கொண்டு போனார். விடுமுறை நாளாதலால் நாங்களும் உடன் சென்றோம். வண்டியின் அடியில் முன்னிருந்து பின்னாக ஓடும் உருக்குக் கம்பி ஒன்றை அவர் காட்டினார். அதன் பெயர் டார்ஷன் பார். சுருள் வில் எங்கே என்று கேட்டோம். இந்த வண்டியின் முன்பக்கத்தில் சுருள் வில்லே கிடையாது, இந்தக் கம்பிதான் வில், இது முறுக்கிக்கொண்டு வண்டியைத் தாங்குகிறது என்றார். நேராகக் கிடக்கும் இரும்புக் கம்பி எப்படி வில்லாகும் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. பள்ளிக்கு வந்து அறிவியல் ஆசிரியையிடம் கேட்டபோது, அந்தக் கம்பியின் விதியைக் கண்டுபிடித்தவர் பெயரை நீங்கள் தினமும் எழுதுகிறீர்களே என்று சிரித்துவிட்டு, நூலகத்துக்கு அனுப்பினார். அங்கே நாங்கள் படித்தறிந்த வரலாறுதான் இது.

பிறப்பும் இளமையும்

சார்லஸ் அகஸ்டின் டி கூலூம் பிரான்சு நாட்டின் அங்கூலேம் நகரில் 1736-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பிறந்தார். குடும்பம் பாரீசுக்குக் குடிபெயர்ந்தபின் அங்கே கல்வி கற்றார். மகன் மருத்துவராக வேண்டும் என்பது தாயின் விருப்பம். மகனுடைய உள்ளமோ கணிதத்திலும் வானியலிலும் ஒன்றியிருந்தது. இதனால் வீட்டில் மனத்தாங்கல் ஏற்பட்டது. அதே காலத்தில் தந்தையும் பண முதலீடுகளில் கைப்பொருளை இழந்தார். தந்தையுடன் மோன்பெலியே நகருக்குச் சென்ற கூலூம், 1757-இல் அங்கிருந்த அறிவியல் கழகத்தில் இளம் உறுப்பினராகச் சேர்ந்து கட்டுரைகள் படித்தார்.

அறிவு இருந்தது, வருமானம் இல்லை. ஆகவே 1760-இல் மெசியேர் நகரிலிருந்த படைத்துறைப் பொறியியல் பள்ளியில் சேர்ந்து, மறு ஆண்டு தேர்ச்சி பெற்று, படைப் பொறியாளராக வெளியே வந்தார்.

தீவில் எட்டு ஆண்டுகள்

1764-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்த்தினிக்குக்கு அவர் அனுப்பப்பட்டார். கடல் கடந்த அந்தத் தீவில் போர்போன் கோட்டை கட்டும் பொறுப்பு அவர் தலைமேல் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 28.

பத்மநாபபுரத்தில் வாழும் நமக்குக் கோட்டை என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. நம் ஊரின் கருங்கல் மதிலைப் பார்த்தபடியேதான் நாம் பள்ளிக்கு வருகிறோம். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் படைத்தலைவராக உயர்ந்த டி லன்னாய் பத்மநாபபுரம், உதயகிரிக் கோட்டைகளைப் புதுப்பித்து வலுப்படுத்தியதை நாம் அறிவோம். அவர் உடல் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. பிறந்த மண்ணை விட்டு வெகு தொலைவில் வெயிலில் நின்று கல்லடுக்கும் வாழ்வு எத்தகையது என்பதற்கு அந்தக் கல்லறையே சாட்சி.

கூலூமின் வாழ்வும் அந்தத் தீவில் அப்படித்தான் கழிந்தது. வெப்பநாட்டுக் காய்ச்சல் அவரை மீண்டும் மீண்டும் படுக்கையில் தள்ளியது. உடன் வந்தவர்களில் பலர் நோய்க்கு இரையாயினர். எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1772-இல் அவர் தாயகம் திரும்பியபோது உடல்நலம் குன்றியிருந்தது. அது பின்னர் ஒருபோதும் முழுமையாகத் திரும்பவில்லை.

ஆனால் அந்த ஆண்டுகள் வீண் போகவில்லை. மதிலுக்குப் பின்னே குவிந்த மண் எவ்வளவு வலுவாக மதிலைத் தள்ளும்? மதில் எவ்வளவு பருமனாக இருந்தால் சரியாமல் நிற்கும்? அனுபவத்தால் மட்டும் ஊகித்து வந்த இவற்றை அவர் கணக்காக்கினார். 1773-இல் பாரீஸ் அறிவியல் கழகத்தின் முன் அதைக் கட்டுரையாகப் படித்தார். மண் தாங்கும் சுவர் கட்டும் பொறியாளர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் கணக்குப் போடுகிறார்கள். தொழிலாளரின் உடல் ஒரு நாளில் எவ்வளவு வேலை தாங்கும், எவ்வளவு ஓய்வு வேண்டும் என்பதையும் தீவில் கண்டவற்றைக் கொண்டு அவர் பிற்காலத்தில் ஆராய்ந்து எழுதினார்.

காந்த ஊசியும் உராய்வும்

கப்பலுக்கு வழிகாட்டும் காந்த ஊசியைத் திருத்தமாகச் செய்வது எவ்வாறு என்று பாரீஸ் அறிவியல் கழகம் ஒரு போட்டி அறிவித்தது. கூர்முனையின்மேல் ஊசியை நிறுத்தினால் உராய்வு குறுக்கிடும். ஆகவே மெல்லிய நூலில் தொங்கவிட வேண்டும் என்று கூலூம் காட்டினார். 1777-இல் வான் சுவிண்டன் என்ற டச்சு அறிஞருடன் அந்தப் பரிசைப் பகிர்ந்து கொண்டார். நம் டி லன்னாய் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

பரிசு வாங்கியதோடு அவர் நிறைவடையவில்லை. ஊசி திரும்பும்போது நூலும் முறுக்கிக்கொள்கிறதே, அந்த முறுக்கு ஊசியை எவ்வளவு பின்னுக்கு இழுக்கும் என்ற கேள்வி அவரை விடவில்லை. பிறர் சிறு பிழை என்று ஒதுக்கியிருக்கக் கூடிய அந்த இழுப்பிலேதான் அவருடைய பெரும்புகழ் மறைந்திருந்தது.

இடையே ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் பணியாற்றியபோது உராய்வை ஆராய்ந்தார். பளுவான மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்தும், கயிறுகளை உருளைகளில் சுற்றியும் மாதக்கணக்கில் அளந்தார். 1781-இல் அந்த ஆய்வுக்கும் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அறிவியல் கழகத்தின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

உண்மைக்குக் கிடைத்த சிறை

இனிச் சொல்லப்போவது எங்கள் மனத்தை மிகவும் தொட்ட நிகழ்ச்சி. 1783-இல் பிரிட்டனி என்னும் பகுதியில் கப்பற்கால்வாய்கள் வெட்டும் பெரிய திட்டம் ஒன்றைப் பார்வையிட்டு அறிக்கை தரும்படி கூலூம் பணிக்கப்பட்டார். செல்வாக்குள்ளவர்கள் பலர் அந்தத் திட்டத்தை விரும்பினர். கூலூம் நிலத்தைப் பார்த்தார், கணக்கைப் பார்த்தார், ஆகும் செலவுக்கு ஏற்ற பயன் இராது என்று எழுதிவிட்டார்.

அதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது பாரீஸ் சிறையில் ஒரு வார வாசம்! நாட்டுக்காக உடல்நலத்தையே இழந்த ஒருவர், உண்மையை எழுதியதற்காகக் குற்றவாளியைப்போல் அடைபட்டார். மனம் நொந்து பணியை விட்டே விலக முயன்றார், மேலிடம் இசையவில்லை. மறுபடியும் பார்வையிடச் சொன்னபோதும் அவர் கண்ட முடிவு மாறவில்லை. பின்னர் அந்தப் பகுதியினரே அவருடைய நேர்மையை உணர்ந்து பெரும் பரிசு அளிக்க முன்வந்தனர் என்றும், அவர் அதை மறுத்து, வினாடி காட்டும் கடிகாரம் ஒன்றை மட்டும் ஏற்று, தம் ஆய்வுகளில் காலத்தை அளக்க அதைப் பயன்படுத்தினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வர்.

கம்பி உரைத்த விதி

சிறையிலிருந்து வெளிவந்த மறு ஆண்டே, 1784-இல், முறுக்கு விசை பற்றிய தம் ஆய்வைக் கூலூம் வெளியிட்டார்.

கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிறு முறுக்கவிழ்ந்து வாளி ஒரு பக்கம் சுழன்று, பிறகு மறுபக்கம் சுழல்வதை நாம் பார்த்திருக்கிறோம். அதைப்போலவே அவர் உலோகக் கம்பியில் ஓர் உருளையைத் தொங்கவிட்டு, முறுக்கி, கையை எடுத்தார். உருளை இப்படியும் அப்படியும் சுழன்றாடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆகும் நேரத்தைக் குறித்தார். கொஞ்சம் முறுக்கினாலும் நிறைய முறுக்கினாலும் ஆட்டத்தின் நேரம் மாறவில்லை. முறுக்கிய கோணம் இரண்டு மடங்கானால் கம்பி திருப்பித் தள்ளும் விசையும் சரியாக இரண்டு மடங்காகிறது என்பது அதனால் விளங்கியது.

பிறகு இசைக்கருவிகளுக்கு உரிய இரும்பு, பித்தளைக் கம்பிகளைப் பல பருமனிலும் பல நீளத்திலும் எடுத்து ஆராய்ந்தார். கம்பியின் நீளம் பாதியானால் அதை முறுக்க இரு மடங்கு விசை வேண்டும். கம்பியின் பருமன் இரு மடங்கானாலோ 16 மடங்கு விசை வேண்டும்! பருமனை நான்கு முறை பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பதே விதி. 20 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியை 22 மில்லிமீட்டராக மாற்றினாலே அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிடும்.

இன்னொன்றையும் அவர் கண்டார். ஓர் எல்லை வரை முறுக்கினால் கம்பி பழைய நிலைக்கே திரும்பிவிடும். எல்லை தாண்டி முறுக்கினால் முழுவதும் திரும்பாமல் புதிய நிலையில் தங்கிவிடும். எங்கள் பிக்கப் வண்டி முன்புறம் தாழ்ந்து நின்றதன் பொருள் இதைப் படித்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது. பளுவை ஆண்டுக்கணக்கில் சுமந்து சுமந்து அந்தக் கம்பி சிறிது சிறிதாகப் புதிய நிலையில் தங்கிவிட்டிருந்தது.

மின்விசையை நிறுத்த தராசு

கம்பியின் விதி தெரிந்துவிட்டால் கம்பியையே தராசாக்கலாம் அல்லவா? அதைத்தான் 1785-இல் கூலூம் செய்தார். கண்ணாடிப் பாத்திரத்துக்குள் முடியைப்போன்ற மெல்லிய வெள்ளிக் கம்பியில் ஒரு சிறு குச்சியைத் தொங்கவிட்டார். குச்சி முனையில் ஒரு சிறு பந்து. அதனருகே அசையாத மற்றொரு பந்து. இரண்டுக்கும் ஒரேவகை மின்னூட்டம் தந்ததும் ஒன்றையொன்று தள்ளி 36 பாகை விலகி நின்றன. மேலேயுள்ள குமிழை 126 பாகை திருகியபோது 18 பாகைக்கு நெருங்கின. அப்போது கம்பியில் ஏறிய மொத்த முறுக்கு 126-உம் 18-உம் சேர்ந்து 144. அதாவது 36-இன் நான்கு மடங்கு. 567 பாகை திருகியபோது எட்டரைப் பாகைக்கு நெருங்கின. மொத்த முறுக்கு ஐந்நூற்று எழுபத்தைந்தரை; அது 36-இன் ஏறக்குறைய 16 மடங்கு. தொலைவு பாதியானால் விசை நான்கு மடங்கு, கால்வாசியானால் 16 மடங்கு என்னும் கூலூம் விதி இவ்வாறு பிறந்தது. நாம் நூலில் ஒரே வரியில் படிக்கும் விதிக்குப் பின்னால் தீவும் கோட்டையும் சிறையும் இருந்தன.

இதே முறையில் அமைந்த முறுக்குத் தராசைக் கொண்டுதான் இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் 1798-இல் பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டார்.

இறுதி நாட்கள்

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1791-இல் கூலூம் படைப்பணியிலிருந்து விலகினார். 1793-இல் அறிவியல் கழகம் கலைக்கப்பட்டது. எடை, அளவைகளைச் சீர்திருத்தும் குழுவிலிருந்து லவாய்சியர், லாப்லாஸ் முதலியோருடன் அவரும் நீக்கப்பட்டார். நண்பர் போர்தாவுடன் புளுவா நகருக்கு அருகே நாட்டுப்புறத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். 1795-இல் புதிய அறிவியல் கழகம் தோன்றியதும் பாரீஸ் திரும்பினார். 1802 முதல் பொதுக்கல்வி ஆய்வாளராகப் பள்ளிகள் அமையப் பாடுபட்டார். 1806-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், தம் 70-ஆம் வயதில் மறைந்தார். 1881-இல் பாரீசில் கூடிய மின்னியல் மாநாடு மின்னூட்டத்தின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது. ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களுள் அவருடையதும் ஒன்று.

மீண்டும் வண்டியின் அடியில்

கூலூம் மறைந்து 125 ஆண்டுகளுக்குப் பின், 1931-இல், ஃபெர்டினாண்ட் போர்ஷே முறுக்குக் கம்பியால் மோட்டார் வண்டியைத் தாங்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 2014 வரை நம் நாட்டில் தயாரான அம்பாசடர் காரின் முன்பக்கத்தைத் தாங்கியதும் முறுக்குக் கம்பிதான். கம்பியின் ஒரு முனை சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையோடு இணைந்திருக்கும். மறுமுனை வண்டியின் சட்டத்தில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். சக்கரம் மேட்டில் ஏறும்போது கை உயர்கிறது, கம்பி முறுக்கிக்கொள்கிறது. மேடு கடந்ததும் கம்பி அவிழ்ந்து சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. எங்கள் பிக்கப்பில் சட்டத்துப் பக்க முனையில் ஒரு நெம்புகோலும், அதைத் தள்ளும் ஒரு போல்ட்டும் இருக்கின்றன.

அந்தப் போல்ட்டை இறுக்கினால் கம்பி பலம் பெறுகிறது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கூலூமின் விதி அப்படிச் சொல்லவில்லை. வண்டியின் எடை மாறாதபோது கம்பியின் முறுக்கும் மாறுவதில்லை. கம்பி புறப்படும் இடம் மட்டுமே மாறுகிறது. வண்டி உயர்கிறது, அவ்வளவுதான். அளவுக்கு மீறி உயர்த்தினால் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல், குழி வந்ததும் தடையில் இடிக்கிறது. சக்கரத்தின் சாய்வும் மாறி டயர் தேய்கிறது. எங்கள் குலைகள் கறுத்ததன் காரணம் இதுவே.

மெக்கானிக் மாமா வண்டியைச் சமதரையில் நிறுத்தினார். பாரம் இறக்கி, நான்கு டயருக்கும் உரிய அளவு காற்றடித்தார். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டார். போல்ட்டின் பழைய நிலையைச் சாக்பீசால் குறித்தார். ஜாக்கி வைத்து உயர்த்தி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, கம்பியின் பளுவைக் குறைத்த பிறகே ஸ்பேனரைத் தொட்டார். சிறிதளவு திருகி, இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி, மறுபடி அளந்தார். இப்படி ஐந்து முறை. இருபுறமும் சமமான பிறகும் அவர் கூலி வாங்கவில்லை. சக்கர நேர்மை பார்த்து, விளக்கைத் திருத்திய பின்னரே வாங்கினார். அப்பா இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னபோது, கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் ஒரு திருகும் கூடாது, கம்பி மேலும் இறங்கினால் புதிதாக மாற்றத்தான் வேண்டும் என்று மறுத்துவிட்டார். முதலில் போன பட்டறையில் அப்பா கேட்டபடியெல்லாம் செய்து கொடுத்தார்கள். இவரோ அப்பா கேட்டதை மறுத்து எங்கள் வண்டியைக் காத்தார்.

கூலூமும் மெக்கானிக் மாமாவும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் இருவரும் அளந்த பிறகே பேசினார்கள். அளந்ததற்கு மாறாகப் பேச மறுத்தார்கள். தோழியரே, தேர்விலும் தராசிலும் வாழ்விலும் பிறர் விரும்பும் விடையைச் சொல்லும்படி நம்மை முறுக்கும் வேளைகள் வரும். அப்போது பிரிட்டனிக் கால்வாயை நினைத்துக்கொள்வோம். மின்னூட்டத்தின் அலகு கூலூம் என்று இனி எழுதும்போது, ஒரு மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுத வேண்டாம். அந்த நேர்மையாளரை ஒரு கணம் எண்ணி எழுதுவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, பத்மநாபபுரம்